ஃபயர்வால் மாற்றும் இரவுக்கு ஒரு போர்ட் சோதனை ஸ்கிரிப்ட்

நெட்வொர்க்கில் எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் பெட்டிதான் ஃபயர்வால். அதை மாற்றுவது பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான் நடக்கும். பழைய பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றிப் புதியதில் செருகுவார்கள், நாலு சர்வருக்கு பிங் அடித்துப் பார்ப்பார்கள், பதில் வந்ததும் வேலை முடிந்தது என்று மெயில் போய்விடும். திங்கட்கிழமை காலை ஏதோ ஒரு கிளையில் பில் போட முடியாது. நெட்வொர்க் டீமைக் கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் ஓப்பன்தான் சார்" என்பார்கள். அப்ளிகேஷன் டீமைக் கேட்டால் "சர்வர் நல்லாத்தான் ஓடுது, நெட்வொர்க்ல பாருங்க" என்பார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்வதில்லை. அவரவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவரவர் சொல்வது சரி. அவதிப்படுவது கிளையில் பில்லுக்காக வரிசையில் நிற்பவர்கள்தான்.

எங்கள் டேட்டா சென்டர் சென்னையில் இருக்கிறது. கோவை, ஓசூர், மதுரை என்று கிளைகள். பெரும்பாலும் விண்டோஸ் சர்வர்கள், கொஞ்சம் லினக்ஸ். மைய ஃபயர்வாலை மாற்றப் போகிறோம் என்று முடிவானபோது நான் கேட்டது இரண்டு விஷயங்கள். எந்த சர்வர் எந்த சர்வரோடு எந்த போர்ட்டில் (சர்வரில் ஒவ்வொரு சர்வீஸுக்குமான வாசல் எண்) பேசுகிறது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை ஒரே கட்டளையில், சில நிமிடங்களில் முழுதாகச் சோதித்துவிட முடிய வேண்டும். மாற்றத்துக்கு முன்னால் ஒரு ஓட்டம், பின்னால் ஒரு ஓட்டம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதை எப்படிக் கட்டினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சோதனையை எங்கிருந்து ஓட்டுவது

நம்மில் பலருக்குப் பழக்கம், சொந்த லேப்டாப்பில் டெல்நெட் போட்டு டேட்டாபேஸின் போர்ட்டான 1433 திறக்கிறதா என்று பார்ப்பது. திறந்தால் "போர்ட் ஓகே" என்று டிக்கெட்டில் எழுதிவிடுவோம். ஆனால் ஃபயர்வால் ரூல் என்பது யாரிடமிருந்து, யாருக்கு, எந்த போர்ட்டில் என்ற மூன்றும் சேர்ந்தது. அட்மின் லேப்டாப் இருக்கும் விலானுக்கு (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) எல்லா இடத்துக்கும் அனுமதி உண்டு. அங்கிருந்து டேட்டாபேஸ் திறக்கிறது என்பதால் கோவை அப்ளிகேஷன் சர்வருக்கும் அது திறக்கும் என்று ஆகாது. இந்த வேலையில் நான் உறுதியாக நம்பும் ஒரு விதி உண்டென்றால் அது இதுதான்: பேசப்போகிற சர்வரே சோதிக்க வேண்டும், வேறு யார் சோதித்தாலும் அது வேறொரு கேள்விக்கான பதில்.

ஒவ்வொரு சர்வருக்கும் ஆர்டிபியில் (அதன் திரையைத் தொலைவிலிருந்து திறக்கும் வசதி) போய் உட்கார்ந்து சோதிப்பது நடக்கிற காரியம் இல்லை. அதற்குத்தான் பவர்ஷெல் ரிமோட்டிங், அதாவது விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லைத் தொலைவிலிருந்தே இன்னொரு சர்வருக்குள் ஓட்டும் வசதி. விண்டோஸ் சர்வர் 2012 முதல் அதற்கான சர்வீஸான வின்ஆர்எம் தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. அதன் போர்ட் எச்டிடிபி என்றால் 5985, எச்டிடிபிஎஸ் என்றால் 5986. நிர்வாக சர்வர் ஒன்றிலிருந்து எல்லா மூல சர்வர்களுக்கும் (இணைப்பைத் தொடங்குபவை) இந்த ஒரு போர்ட் மட்டும் திறந்திருந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் அவற்றின் உள்ளே இருந்தே சோதிக்கலாம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் செக்யூரிட்டி டீமிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். ஒரு சர்வர் சில வினாடிக்குள் பல இலக்குகளைத் தட்டினால் ஊடுருவல் கண்காணிப்புக் கருவிக்கு அது போர்ட் ஸ்கேனாகத்தான் தெரியும். எந்தக் கணக்கில், எந்த நேரத்தில், எந்த சர்வர்களிலிருந்து ஓட்டுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நடுராத்திரியில் நம் சர்வரை யாரும் தனிமைப்படுத்த மாட்டார்கள். ஸ்கிரிப்ட் ஓடும் கணக்குக்கு அட்மின் உரிமையும் தேவையில்லை. மூல சர்வர்களில் ரிமோட் மேனேஜ்மென்ட் யூசர்ஸ் குழுவில் சேர்த்தால் போதும். டிசிபி (இரு முனையும் கைகுலுக்கிவிட்டுப் பேசும் நெறிமுறை) இணைப்பு ஒன்றைத் திறந்து பார்க்க அதற்கு மேல் எந்த உரிமையும் வேண்டாம்.

ஆம், இல்லை என்ற பதில் போதாது

முதலில் கை போவது டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்குத்தான். விண்டோஸ் 8.1, சர்வர் 2012 ஆர்2 காலத்தில் வந்தது. ஒரு சர்வர், ஒரு போர்ட் என்று கையால் பார்க்க அருமையான கருவி. நூற்றுக்கணக்கான வரிகளை ஓட்டுவதற்கு மட்டும் அது சரிப்படாது. காத்திருக்கும் நேரத்தை நாம் குறைக்க அதில் வழி இல்லை. பதிலே வராத இலக்கு என்றால் விண்டோஸ் தன் வழக்கப்படி 3 வினாடி, 6 வினாடி, 12 வினாடி என்று காத்திருந்து சுமார் 21 வினாடி கழித்துத்தான் கைவிடும். அதன்பிறகு அந்தக் கட்டளை பிங் வேறு அடித்துப் பார்க்கும். மௌனமான வரிகள் ஐம்பது இருந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போய்விடும்.

நேரத்தை விடப் பெரிய குறை, அது கடைசியில் தருவது ஆம் அல்லது இல்லை மட்டும். இல்லை என்பதில் இரண்டு வகை இருக்கிறது, அந்த இரண்டுக்கும் போன் போட வேண்டிய ஆள் வேறு.

டிசிபியில் நாம் முதலில் சின் பாக்கெட் (இணையலாமா என்ற கேள்வி) அனுப்புகிறோம். அந்தப் பக்கம் சர்வீஸ் இயங்கினால் சின்-ஆக் (சரி என்ற பதில்) வரும், போர்ட் திறப்பு. சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் யாரும் கேட்கவில்லை (எந்த சர்வீஸும் இணைப்புக்காகக் காத்திருக்கவில்லை) என்றால் ரீசெட் வரும். விண்டோஸில் அது 10061 என்ற பிழை எண், அதாவது மறுப்பு. வழியில் ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கிவிட்டால் எதுவுமே வராது. அது 10060, அல்லது நாம் வைத்த நேரக்கெடு முடிவது. அதை மௌனம் என்று குறித்துக்கொண்டேன். மறுப்பு வந்தால் பாக்கெட் போய்ச் சேர்ந்து பதிலும் திரும்பியிருக்கிறது, ரூட்டும் சரி, ஃபயர்வாலும் சரி. சர்வீஸை ஸ்டார்ட் செய்ய வேண்டியவரை எழுப்ப வேண்டும். மௌனம் என்றால் நெட்வொர்க் டீமை எழுப்ப வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

சில ஃபயர்வால்களில் பாக்கெட்டை விழுங்காமல் தாமே ரீசெட் அனுப்பும்படி பாலிசி வைத்திருப்பார்கள். உங்கள் நிறுவனத்தில் எது வழக்கம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் விழுங்குவதுதான் வழக்கம்.

இந்த மூன்று பதில்களையும் பிரித்துச் சொல்லும் கருவி மைக்ரோசாஃப்டிடமே உண்டு, போர்ட்க்வெரி. நல்ல கருவி. ஆனால் அது தனி நிரல், ஒவ்வொரு சர்வரிலும் கொண்டுபோய் வைக்க வேண்டும், அது தரும் உரையைப் பிரித்தெடுக்க வேண்டும். பவர்ஷெல் 7-இல் டெஸ்ட்-கனெக்‌ஷன் கட்டளைக்கு டிசிபி போர்ட்டும் நேரக்கெடுவும் கொடுக்கலாம். ஆனால் விண்டோஸ் சர்வரோடு வருவது 5.1, ரிமோட்டில் போனால் அதுதான் கிடைக்கும். எந்த சர்வரிலும் எதையும் நிறுவாமல் வேலை நடக்க வேண்டும் என்பதால் பவர்ஷெல்லுக்கு அடியில் இருக்கும் டாட்நெட் நூலகத்தின் டிசிபிகிளையன்ட் வகுப்பையே நேரடியாக எடுத்துக்கொண்டேன்.

சோதனையின் மையப் பகுதி

பிகின்கனெக்ட் என்று இணைப்பைத் தொடங்கிவிட்டு வெயிட்ஒன் என்று நேரக்கெடுவோடு காத்திருப்பதுதான் முறை. இந்த மாதிரியில் எழுதிய ஸ்கிரிப்டுகள் இணையத்தில் நிறைய உண்டு, அவற்றில் பலவற்றில் ஒரு குறை இருக்கிறது. வெயிட்ஒன் "சரி" என்று திருப்பினால் போர்ட் திறந்துவிட்டதாக அவை எடுத்துக்கொள்கின்றன. வெயிட்ஒன் சொல்வது முயற்சி முடிந்துவிட்டது என்பதை மட்டுமே. மறுப்பு வந்தாலும் முயற்சி முடிந்ததுதான். அதற்குப் பிறகு எண்ட்கனெக்டை அழைக்க வேண்டும். இணைப்பு கிடைத்திருந்தால் அது சத்தமில்லாமல் முடியும். மறுப்பு என்றால் அங்கேதான் பிழை எழும். அந்தப் பிழையைப் பவர்ஷெல் தன் உறையில் சுற்றித் தருவதால், கெட்பேஸ்எக்செப்ஷன் கொண்டு அடி வரை போய் அதன் சாக்கெட் எரர் கோடை எடுத்துப் பதிவு செய்தேன். வெயிட்ஒன் "இல்லை" என்று திரும்பினால் மௌனம். எது நடந்தாலும் கடைசியில் இணைப்பை மூட வேண்டும்.

நேரக்கெடுவை எவ்வளவு வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம். உள் நெட்வொர்க்தானே, ஒரு வினாடி போதும் என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் ரீசெட் வந்தவுடன் கைவிடுவதில்லை. அரை வினாடி இடைவெளியில் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டுத்தான் மறுப்பு என்று சொல்லும், அதற்குச் சுமார் 2 வினாடி ஆகும். ஒரு வினாடிக் கெடு வைத்தால் எல்லா மறுப்புகளும் மௌனமாகப் பதிவாகி, நாம் பிரிக்க நினைத்த வித்தியாசமே அழிந்துபோகும். 4 வினாடி வைத்தேன். ஒரு பாக்கெட் வழியில் தொலைந்து மறுமுறை அனுப்பப்பட்டாலும் பெரும்பாலும் அதற்குள் பதில் வந்துவிடும்.

வரிக்கு 4 வினாடி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கவும் தேவையில்லை. பிகின்கனெக்ட் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடுவதால், இருபது இருபதாகத் தொடங்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பதிலை அறுவடை செய்யலாம். இருபதும் மௌனமாக இருந்தாலும் மொத்தம் 4 வினாடியில் முடியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்காததற்குக் காரணம், செக்யூரிட்டி டீமுக்குக் கொடுத்த வாக்கு.

சர்வர் பெயரிலிருந்து ஐபி (எண் முகவரி) எடுப்பதைத் தனிப் படியாக வைத்தேன். முதலில் மூல சர்வரிலேயே பெயரைத் தீர்த்து, கிடைத்த ஐபியை முடிவில் ஒரு பத்தியாக (நெடுவரிசையாக) பதிவு செய்து, அதன்பிறகு அந்த ஐபிக்குச் சோதனை. ஒரு பெயருக்கு இரண்டு ஐபி வந்தால் இரண்டையும். பெயரே தீரவில்லை என்றால் "பெயர் இல்லை" என்று நாலாவது பதில். இந்த ஐபி பத்தி எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பட்டியல்

பட்டியல் ஒரு சாதாரண சிஎஸ்வி, அதாவது கமாவால் பிரித்த அட்டவணைக் கோப்பு. மூலம், இலக்கு, போர்ட், எதிர்பார்ப்பு, பொறுப்பாளர், குறிப்பு. இதைத் தயாரிக்கத்தான் அதிக உழைப்பு போனது. பழைய ஃபயர்வால் ரூல்களிலிருந்து கொஞ்சம், அப்ளிகேஷன் டீமிடம் கேட்டுக் கொஞ்சம். மீதியை சர்வர்களிடமே கேட்டேன்: கெட்-நெட்டிசிபிகனெக்‌ஷன் கட்டளை, அந்த நொடியில் நிலைத்திருக்கும் இணைப்புகளை எல்லாம் காட்டும். அதை வேலை நாள் முழுக்க அவ்வப்போது ஓட்டிச் சேர்த்தால் ஆவணத்தில் இல்லாத உறவுகள் எல்லாம் வெளியே வரும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் சம்பளக் கணக்கு போன்றவை அப்படியும் சிக்காது. அவற்றுக்கு ஆட்களைத்தான் கேட்க வேண்டும்.

எதிர்பார்ப்பு பத்தியில் "திறப்பு" மட்டும் எழுதவில்லை. "மூடல்" என்றும் வரிகள் வைத்தேன். கிளையின் பயனர் கணினிகளிலிருந்து டேட்டாபேஸின் 1433 திறக்கக் கூடாது, ஆர்டிபியின் 3389 திறக்கக் கூடாது, கோப்புப் பகிர்வின் 445 திறக்கக் கூடாது. திறக்க வேண்டியது திறக்காவிட்டால் யாராவது போன் செய்வார்கள். மூடியிருக்க வேண்டியது திறந்து கிடந்தால் யாரும் போன் செய்வதில்லை. அதனால் இந்த வரிகள்தான் எனக்கு முக்கியம். முதல் ஓட்டத்திலேயே இதற்குப் பலன் கிடைத்தது: எப்போதோ ஒரு அவசரத்துக்காகப் போட்ட "எல்லாருக்கும் எல்லாம்" ரூல் ஒன்று ஒரு கிளைக்கு அப்படியே இருந்தது. புதிய ஃபயர்வாலுக்கு அதைக் கொண்டுபோகாமல் தடுக்க முடிந்தது.

குறிப்பைத் தமிழில் எழுதினேன், கிளையில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. இதில் ஒரு எச்சரிக்கை. 5.1-இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி என்கோடிங் எதுவும் சொல்லாவிட்டால் ஆஸ்கியில் எழுதும், தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். யுடிஎஃப்8 என்று கொடுத்தால் 5.1 தானே பாம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் என்கோடிங் அடையாளம்) சேர்த்து எழுதும், எக்செல்லும் சரியாகத் திறக்கும். பவர்ஷெல் 7-இல் அதே யுடிஎஃப்8 பாம் இல்லாமல் எழுதும், அங்கே பாம் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே தமிழ்ச் சொற்கள் இருந்தால் ஸ்கிரிப்ட் கோப்பையும் பாமோடு சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் 5.1 அதைத் தவறாகப் படிக்கும்.

அனுப்புவதும் திரும்ப வாங்குவதும்

இன்வோக்-கமாண்ட் கட்டளைக்கு மூல சர்வர்களின் பெயர்களையும் சோதனைப் பகுதியையும் கொடுத்தால் அது எல்லா சர்வர்களிலும் ஒரே நேரத்தில் ஓட்டும். இயல்பில் ஒரு சமயத்தில் 32 சர்வர்கள். எங்களுக்கு அதுவே போதும்.

பட்டியலைப் பகிர்வு ஃபோல்டரில் வைத்து ஒவ்வொரு சர்வரும் அங்கிருந்து படித்துக்கொள்ளட்டும் என்று செய்தால் அனுமதி மறுக்கப்படும். நிர்வாக சர்வரிலிருந்து மூல சர்வருக்குப் போன நம் அடையாளம், அங்கிருந்து மூன்றாவது சர்வருக்குக் கூடவே போகாது. டபுள் ஹாப் சிக்கல் என்று எல்லோரும் சொல்வது இதுதான். பட்டியலை நிர்வாக சர்வரில் படித்து, ஆர்க்யுமென்டாக உள்ளே அனுப்பிவிட்டால் சிக்கலே எழாது. ஒவ்வொரு சர்வரும் தன் பெயர் இருக்கும் வரிகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். போர்ட் சோதனைக்கும் டபுள் ஹாப்புக்கும் சம்பந்தம் இல்லை. டிசிபி இணைப்பைத் திறக்கும்போது யாரும் அடையாளம் கேட்பதில்லை.

பெயரை வைத்துப் பொறுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் கம்ப்யூட்டர்நேம் என்ற சூழல் மாறியில் இருப்பது 15 எழுத்துகளுக்குள் வெட்டப்பட்ட பெயர். உங்கள் சர்வர் பெயர் அதைவிட நீளம் என்றால் பட்டியலில் இருக்கும் பெயரோடு பொருந்தாது, அந்த சர்வர் தனக்கு வேலை இல்லை என்று சும்மா திரும்பிவிடும்.

சும்மா திரும்புவதுதான் இந்த மாதிரி ஸ்கிரிப்டுகளின் பெரிய ஆபத்து. மூல சர்வரையே தொட முடியாவிட்டால் அதன் வரிகள் அறிக்கையில் இருக்காது. சிவப்பு ஏதும் இல்லை, எல்லாம் நலம் என்று படிப்பவர் நினைப்பார். அதனால் முடிவுகள் வந்ததும், அனுப்பிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் பகுதியைச் சேர்த்தேன். பதில் இல்லாத வரி "சோதிக்கப்படவில்லை" என்று ஆரஞ்சு நிறத்தில் வரும். இறந்துபோன சர்வருக்காக வின்ஆர்எம் காத்திருக்கும் நேரமும் இயல்பில் 3 நிமிடம். செஷன் ஆப்ஷனில் ஓப்பன் டைம்அவுட்டை 15 வினாடியாக்கினேன்.

முதல் ஓட்டம் காட்டியவை

ஃபயர்வாலைத் தொடும் முன்பே, இருந்த நிலைமையைப் பதிவு செய்யத்தான் முதல் ஓட்டம். எல்லாம் பச்சையாக இருக்கும் என்று டீமில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. ஒரு வரி இப்படி வந்தது:

மூலம் கோவை-ஆப்-02, இலக்கு சென்னை-டிபி-01, ஐபி 10.20.30.15, போர்ட் 1433, எதிர்பார்ப்பு திறப்பு, முடிவு மௌனம், 4003 மி.வி.

பக்கத்திலேயே கோவை-ஆப்-01 அதே இலக்குக்கு 9 மில்லி வினாடியில் திறப்பு என்று காட்டியது. ஆனால் அதன் ஐபி பத்தியில் இருந்தது 10.20.40.15. ஒரே பெயர், இரண்டு ஐபி. கோவை-ஆப்-02-இன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (பெயருக்கு ஐபி எழுதி வைக்கும் உள்ளூர்க் கோப்பு) டேட்டாபேஸின் பழைய ஐபியை யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். இந்த சர்வர் பேக்கப்பாக நிற்பது என்பதால், அது தேவைப்படும் நாளில்தான் இந்தத் தவறு தெரிந்திருக்கும். ஐபி பத்தி இல்லாவிட்டால் இந்த வரிக்காக ஃபயர்வாலில் தேடிக்கொண்டே இருந்திருப்போம்.

இன்னொரு வரி மறுப்பு. எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸின் பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயரோடு ஓடும் பிரதி) ஒன்று. பட்டியலில் அதன் போர்ட் ஐந்திலக்க எண்ணாக இருந்தது. பெயரிட்ட இன்ஸ்டன்ஸ்கள் நிலையான போர்ட் கொடுக்காவிட்டால் டைனமிக் போர்ட்டில் ஓடும். பழைய போர்ட் கிடைக்காவிட்டால் ரீஸ்டார்ட்டில் வேறொன்றுக்கு மாறிவிடும், எங்கே இருக்கிறேன் என்பதை யுடிபி 1434-இல் இருக்கும் பிரவுசர் சர்வீஸ் சொல்லும். ஃபயர்வால் ரூல் எழுதுபவருக்கு இது ஒத்துவராது. டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி) பேசி நிலையான போர்ட் கொடுத்தோம்.

மூன்றாவது வகைதான் கொஞ்சம் தலையைச் சுற்ற வைத்தது. சில விண்டோஸ் இலக்குகளில் சர்வீஸ் ஓடவில்லை என்பது உறுதியாகத் தெரியும், மறுப்பு வந்திருக்க வேண்டும். வந்ததோ மௌனம். காரணம் விண்டோஸ் ஃபயர்வாலின் ஸ்டெல்த் மோட். கேட்பவர் இல்லாத போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டுக்கு ரீசெட் அனுப்பாமல் அது விழுங்கிவிடும், ஸ்கேன் செய்பவருக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதற்காக. ஆகவே விண்டோஸ் இலக்கில் மௌனம் என்றால் நடுவில் இருக்கும் ஃபயர்வாலாகவும் இருக்கலாம், சர்வீஸ் ஓடாததாகவும் இருக்கலாம்.

இதற்குத் தீர்வு, மறுமுனையையும் கேட்பது. ரிமோட்டிங் கையில் இருக்கிறதே. மௌனமான ஒவ்வொரு வரிக்கும் இலக்கு சர்வருக்குள் போய், அந்த போர்ட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, எந்த முகவரியில் என்று பார்க்கும் இரண்டாம் கட்டத்தைச் சேர்த்தேன். 127.0.0.1-இல் (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவருக்கு "நல்லா ஓடுது", வெளியே இருப்பவருக்கு மூடல். 0.0.0.0-இல் (எல்லா முகவரிகளிலும்) கேட்டுக்கொண்டிருந்தும் மௌனம் என்றால் வழியிலோ இலக்கின் சொந்த ஃபயர்வாலிலோதான் தடை. இந்தப் பத்தி சேர்ந்த பிறகு இரண்டு டீம்களுக்கும் இடையே வாக்குவாதம் கணிசமாகக் குறைந்தது, ஏனென்றால் வரியிலேயே பதில் இருந்தது.

லினக்ஸ் பக்கம்

லினக்ஸ் மூலங்களுக்கு ஆன்சிபிள் (பல சர்வர்களில் ஒரே வேலையை ஓட்டும் கருவி) ஏற்கெனவே இருந்தது. அதில் வெயிட்ஃபார் மாட்யூல் இந்த வேலைக்கு உதவும், ஆனால் இயல்பு நேரக்கெடு 300 வினாடி, மாற்றாமல் விட்டால் ஓட்டம் நகரவே நகராது. ஒரே சமயத்தில் ஓடும் சர்வர்களும் இயல்பில் 5 மட்டுமே, ஃபோர்க்ஸ் எண்ணை உயர்த்த வேண்டும். மறுப்பு, மௌனம் என்று பிரிக்க வேண்டியிருந்ததால் நான் லினக்ஸின் கட்டளை ஷெல்லான பாஷில் இருக்கும் டெவ்-டிசிபி வழியை எடுத்தேன். டைம்அவுட் கட்டளையோடு சேர்த்து ஓட்டினால் 0 என்றால் திறப்பு, 124 என்றால் மௌனம், 1 என்றால் பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும். அது பாஷின் வசதி, சாதாரண எஸ்எச்சில் இல்லை; ஆன்சிபிளில் எக்ஸிக்யூட்டபிளாக பாஷைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

பிழைச் செய்தியில் "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று வந்தால் உடனே ரூட்டிங் டேபிளைத் திறக்க வேண்டாம். இலக்கும் லினக்ஸாக இருந்து, அதில் ஃபயர்வால்டி (லினக்ஸின் உள் ஃபயர்வால்) ஓடினால், அனுமதி இல்லாத போர்ட்டுக்கு அது ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் அறிவிப்பு நெறிமுறை) தடைச் செய்தி அனுப்பும். மூலத்தில் இருக்கும் லினக்ஸ் அதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறது. ரூட் நன்றாகவே இருக்கும், திறக்க வேண்டியது இலக்கு சர்வரின் சொந்த ஃபயர்வால்.

யுடிபிக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. கைகுலுக்கலே இல்லாத நெறிமுறை அது. அந்த சர்வீஸ் புரிந்துகொள்ளும் உண்மையான கேள்வியை அனுப்பித்தான் பார்க்க வேண்டும். டிஎன்எஸ்ஸுக்கு ரிசால்வ்-டிஎன்எஸ்நேம், நேரத்துக்கு டபிள்யூ32டிஎம் ஸ்ட்ரிப்சார்ட். 514-இல் போகும் சிஸ்லாக்குக்கு ஒரு அடையாள வரியை அனுப்பிவிட்டு லாக் சர்வரில் தேட வேண்டியதுதான். ஆர்பிசியும் (ஒரு சர்வர் இன்னொன்றின் செயலை அழைக்கும் முறை) தனி ரகம்: 135 திறந்தால் மட்டும் போதாது, அது கை காட்டும் 49152 முதல் 65535 வரையிலான போர்ட்டும் திறக்க வேண்டும். இலக்கிடமே அந்த வரம்பில் எதில் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டு, அதில் ஒன்றை மூலத்திலிருந்து தட்டிப் பார்த்தேன்.

அந்த இரவு

மாற்றத்துக்குச் சற்று முன் ஒரு ஓட்டம், கேபிள் மாறியதும் அடுத்தது. இரண்டு கோப்புகளையும் கம்பேர்-ஆப்ஜெக்ட் கொண்டு ஒப்பிட்டோம். மூலம், இலக்கு, போர்ட், முடிவு ஆகிய நாலு பத்திகளை மட்டும். மில்லி வினாடிப் பத்தியையும் சேர்த்தால் எல்லா வரிகளும் வேறாகத் தெரியும்.

வித்தியாசம் வந்த வரிகளை அப்படியே நெட்வொர்க் டீமிடம் நீட்டாமல் குரூப்-ஆப்ஜெக்ட் கொண்டு இலக்கு வாரியாகவும் மூல வாரியாகவும் எண்ணிப் பார்த்ததுதான் அந்த இரவில் மிகவும் உதவியது. ஒரே இலக்குக்குப் போகும் எல்லா வரிகளும் மௌனம் என்றால் அந்த இலக்கின் அட்ரஸ் ஆப்ஜெக்ட் (முகவரிப் பதிவு) புதிய ஃபயர்வாலில் விடுபட்டிருக்கும். ஒரு கிளையிலிருந்து கிளம்பும் எல்லாமே மௌனம் என்றால் ரூல் அல்ல, திரும்பி வரும் ரூட். ஒரே போர்ட் எல்லா இடத்திலும் மௌனம் என்றால் சர்வீஸ் ஆப்ஜெக்டில் எண் தவறு. நீளமான பட்டியல் ஒன்று விரல்விட்டு எண்ணக்கூடிய திருத்தங்களாகச் சுருங்கியது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு பாதிக்கப்பட்ட வரிகளை மட்டும் மறுபடி ஓட்டினோம்.

எல்லாம் பச்சையான பிறகும் ஒரு அப்ளிகேஷன் தொங்கியபடியே இருந்தது. அதன் டேட்டாபேஸ் வரி திறப்பு என்றே காட்டியது. புதிய இணைப்பு போகும், பழையது போகாது என்பதுதான் விஷயம். அந்த அப்ளிகேஷன் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த இணைப்புகளின் கணக்கு பழைய ஃபயர்வாலின் நினைவில் இருந்தது. புதியதுக்கு அவை நடுவழியில் வந்த அந்நியப் பாக்கெட்டுகள், எனவே விழுங்கிவிட்டது. விண்டோஸிலும் லினக்ஸிலும் டிசிபி கீப்-அலைவ் (இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) இயல்பில் 2 மணி நேரம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். அப்ளிகேஷன் பூலை ரீசைக்கிள் செய்ததும் சரியானது. இப்போது எங்கள் மாற்றத் திட்டத்தில், நீண்ட நேரம் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்வது ஒரு தனி வரி.

லோட் பேலன்சர் (வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) முன்னால் நிற்கும் இலக்குகளிலும் திறப்பு என்பதை அப்படியே நம்ப முடியாது. கைகுலுக்கலை லோட் பேலன்சரே முடித்துக்கொடுக்கலாம், பின்னால் ஒரு சர்வர்கூட உயிரோடு இல்லாவிட்டாலும். வெப் வரிகளுக்கு மட்டும் இன்வோக்-வெப்ரெக்வெஸ்ட் கொண்டு ஒரு பக்கத்தைக் கேட்டு, சரி என்ற பதிலான 200 வருகிறதா என்று பார்க்கும்படி மாற்றினேன்.

கிளைகளுக்குப் போகும் ஐபிசெக் டனல்களுக்காக (மறையாக்கம் செய்த குழாய்கள்) சேர்த்தது இன்னொன்று. சின் பாக்கெட் சிறியது, எந்தக் குழாயிலும் நுழைந்துவிடும். டனலின் கூடுதல் தலைப்புகளால் முழு அளவு பாக்கெட் நுழையாமல், அதைச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியும் வழியில் தடுக்கப்பட்டால், 445 திறப்பு என்று இருக்கும், ஆனால் கோப்பு காப்பி ஆகாமல் தொங்கும். உடைக்காதே என்ற கொடியோடு 1472 பைட் பிங் அனுப்பினால் தெரிந்துவிடும். 1472-உடன் ஐசிஎம்பியின் 8, ஐபியின் 20 சேர்ந்தால் 1500. டனலுக்குள் அது போகாதது இயல்பு, எவ்வளவு வரை போகிறது என்பதுதான் கேள்வி. கிளை ஒவ்வொன்றிலிருந்தும் போகக்கூடிய மிகப் பெரிய அளவைத் தேடிப் பதிவு செய்தோம். மாற்றத்துக்குப் பின் ஒரு கிளையில் மட்டும் அது இறங்கியிருந்தது, டனலில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட் சுமக்கும் அதிகபட்ச தரவு) அளவைத் திருத்திச் சரிசெய்தார்கள்.

ஸ்கிரிப்ட் இப்போது டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் அதிகாலை ஓடுகிறது. முந்தைய நாளிலிருந்து மாறிய வரிகள் இருந்தால் மட்டும் மெயில் வரும், பொறுப்பாளர் பத்தியில் இருப்பவருக்கே நேராக. புதிய சர்வர் கேட்டு வரும் கோரிக்கையோடு சிஎஸ்வி வரிகளையும் இணைத்துத் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். "திறப்பு" வரிகளோடு "மூடல்" வரி ஒன்றாவது இல்லாத கோரிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.